கரிசல் வானத்துக்கு ஒரு பார்லோ

தொலைநோக்கிப் பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தால், அதை வாங்குவதற்கு முன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது 76 மி.மீ. விட்டமுள்ள ஆடி, அதன் குவியத் தொலைவு 700 மி.மீ. கூடவே கண் வைத்துப் பார்க்கும் 4 மி.மீ. ஐபீஸ் ஒன்று. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதன்மேல் மூன்று மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் 76 மி.மீ. ஆடி தாங்கக்கூடிய உருப்பெருக்கம், மில்லிமீட்டருக்கு இரண்டு என்ற பழைய விதிப்படி, சுமார் 150தான். அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், புதிதாக ஒன்றும் தெரியாது. மங்கலான ஒரு உருண்டை, இன்னும் மங்கலான பெரிய உருண்டையாகும்.

இந்த மாதிரிப் பெட்டிகளோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் குழாயால்தான் பார்லோவுக்குக் கெட்ட பெயர். கோவில்பட்டியில் பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்த பல வீடுகளில் அது ஒருநாள் நிலாவைப் பார்த்ததோடு பரணுக்குப் போயிருக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் நல்ல பார்லோ வேறு சரக்கு. அப்படி ஒன்றை, இரண்டு மடங்கு பெருக்கும், உலோக உடல் கொண்ட, 1.25 அங்குலக் குழாய்க்குப் பொருந்துகிற ஒன்றை, ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு தொடங்கி வெயில் ஏறும் வரை இந்தக் கரிசக்காட்டில் வைத்துப் பார்த்தேன். தொலைநோக்கி 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தொலைவு உள்ள, கையால் திருப்பிப் பார்க்கும் சிறிய டாப்சோனியன். ஐபீஸ்கள் 25-ம் 10-ம்.

பார்லோவின் வேலை எளிது. அது ஒரு குழி லென்ஸ். ஆடியிலிருந்து குவிந்து வரும் ஒளிக்கூம்பை ஐபீஸுக்குச் சற்று முன்னால் மறித்து, கொஞ்சம் விரித்துவிடுகிறது. கூம்பு நீண்டு போகிறது, 650 மி.மீ. தொலைநோக்கி 1300 மி.மீ. தொலைநோக்கியைப் போல நடந்துகொள்கிறது. பெயருக்குச் சொந்தக்காரர் பீட்டர் பார்லோ, இங்கிலாந்தின் வுல்விச் ராணுவ அகாதமியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். இரும்புக் கப்பல்களில் திசைகாட்டி தடுமாறுவதைச் சரிசெய்ய வழி கண்டவரும் அவர்தான். 1830-களில் அவர் போட்ட கணக்கை வைத்து லண்டன் கண்ணாடிக் கலைஞர் ஜார்ஜ் டாலண்ட் லென்ஸ் செய்து கொடுத்தார். ஏறக்குறைய இருநூறு வருடமாக அடிப்படை மாறவில்லை. மாறியது கண்ணாடியும் அதன் மேல்பூச்சும்தான். நல்ல பார்லோவில் இரண்டு வகைக் கண்ணாடிகள் ஒட்டியிருக்கும். ஒன்று பிரிக்கும் நிறத்தை மற்றது சேர்த்துவிடும். மலிவானதில் ஒற்றை லென்ஸ், சிலவற்றில் அதுவும் பிளாஸ்டிக். நிலாவின் விளிம்பில் ஊதாவும் மஞ்சளுமாகக் கரை கட்டினால் அதுதான் காரணம்.

கடையில் வைத்தே ஒரு சோதனை செய்யலாம். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து லென்ஸில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் மேல்பூச்சு இருக்கிறது. பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வரலாம். குழாயின் உட்புறம் பளபளப்பற்ற கறுப்பாக இருக்க வேண்டும்; பளபளத்தால் வியாழனுக்குப் பக்கத்தில் இன்னொரு போலி வியாழன் மிதக்கும். ஐபீஸைப் பிடிக்கும் இடத்தில் திருகு நேராகக் குத்தாமல், நடுவே ஒரு பித்தளை வளையம் இருந்தால் நல்லது. நான் பார்த்ததில் வளையம் இருந்தது, பிடிமானமும் உறுதி.

சரி, வானத்தில் என்ன ஆயிற்று?

நிலாவில்தான் இது தன் விலையைத் திருப்பித் தந்தது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய இரவுகளில் 10 மி.மீ. ஐபீஸோடு பார்லோவைப் போட்டால் 130 மடங்கு. 'நேர்ச்சுவர்' என்று சொல்லப்படும் 110 கி.மீ. நீளப் பிளவு, பார்லோ இல்லாத 65 மடங்கில் ஒரு கீறல். 130-ல் அதன் நிழலுக்கு அகலம் வந்துவிடுகிறது. தெற்கே கிளேவியஸ் என்ற பெரும்பள்ளத்துக்குள் வளைவாக அடுக்கிய சிறு பள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இங்கே பார்லோவுக்கு முழு மதிப்பெண்.

வியாழன் 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. அந்த வாரங்களில் அதன் குறுக்களவு வானத்தில் 46 விகலைக்குச் சற்று மேல். ஒரு பாகையில் 3600 விகலை. 65 மடங்கிலேயே வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவைவிடப் பெரிதாகத் தெரிகிற அளவு அது. 130-ல் மூன்று நிலவுக்கும் மேல். நடுவிலுள்ள இரண்டு கருங்கோடுகள் 65-லேயே தெரிந்தன. பார்லோ போட்டதும் கோடுகள் அதிகமாகவில்லை. ஆனால் இருக்கும் கோடுகளின் ஓரம் நேராக இல்லை, நெளிவு இருக்கிறது என்பதைக் கண் பிடித்துக்கொள்ள நேரம் கிடைத்தது. கோவில்பட்டி சுமார் 9 பாகை அட்சரேகையில் இருப்பதால் வியாழன் அப்போது நள்ளிரவில் ஏறக்குறைய உச்சியில் நின்றது. ஐரோப்பாக்காரர்கள் பார்க்கும் காற்றை விட நாம் பார்க்கும் காற்றின் தடிமன் குறைவு. இது பெரிய வரம்.

அப்போது வியாழனுக்குப் பக்கத்தில்தான் புனர்பூசம். அதன் இரண்டு முக்கிய விண்மீன்களில் காஸ்டர் உண்மையில் இரட்டை. இடைவெளி சுமார் 5 விகலை. 65 மடங்கில் நீண்டுபோன ஒற்றைப் புள்ளியா, ஒட்டிய இரண்டா என்று சந்தேகம் வரும். பார்லோ போட்டால் நடுவில் இருட்டு விழுந்து இரண்டும் தனித்தனி. வாங்கிய பார்லோ நல்லதா என்று ஒரே பார்வையில் சோதிக்க இதைவிடச் சுலபமான இடம் எனக்குத் தெரியாது.

சனியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் அதன் வளையத் தளத்தைப் பூமி கடந்தது. அதையொட்டிய காலத்தில் வளையம் ஒல்லிக் கோடு. வளையத்தின் நடுவிலுள்ள கருப்பு இடைவெளியைப் பார்க்கத்தான் பார்லோ வாங்குகிறீர்கள் என்றால், வளையம் நன்றாக விரிய அதிலிருந்து சில வருடம் ஆகும்.

பார்லோவைத் தொடவே கூடாத இடமும் உண்டு. கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய இரண்டு பாகை அகலம். 25 மி.மீ. ஐபீஸில் விளிம்பை ஒட்டி அடங்கும். பார்லோ போட்டால் பாதி வெளியே போய்விடும், மீதி வெறிச்சென்று கிடக்கும். ஓரியன் நெபுலாவிலும் பிரச்சினைதான்: உருப்பெருக்கம் இரட்டிப்பானால் மேகத்தின் ஒளிர்வு நாலில் ஒன்றாகிறது. நடுவிலுள்ள நான்கு விண்மீன்கள் மட்டும் அழகாகப் பிரியும். சித்திரை வாக்கில் தெற்கே ஏறும் ஒமேகா சென்டாரி இதற்கு விதிவிலக்கு. வெறும் பஞ்சாகத் தெரிந்த உருண்டையின் ஓரத்தில், பார்லோ போட்டதும் மணல் மணலாக விண்மீன்கள் உதிர்ந்தன.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல இரவுகளின் கதை. கோவில் கொடைக்குக் கட்டிய மைக்செட், பாடுகிறவரின் குரலோடு அவர் தொண்டைக் கரகரப்பையும் சேர்த்தே பெருக்கும். பார்லோவும் அப்படித்தான், காற்றின் நடுக்கத்தையும் இரட்டிப்பாக்கித் தரும். கரிசலில் அந்த நடுக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

கறுப்பு மண் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. பங்குனி, சித்திரையில் பயிர் இல்லாத வெற்றுக்காடு பொழுது சாய்ந்த பிறகும் மணிக்கணக்கில் வெக்கையை விட்டுக்கொண்டே இருக்கும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நான்குவழிச் சாலையில் மத்தியானம் பார்க்கும் கானல், இரவில் கண்ணுக்குத் தெரியாமல் அதே இடத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சூடும் குளிரும் கலந்த காற்று ஒளியை அங்குமிங்கும் வளைக்கிறது. எட்டயபுரம் சாலையோரக் களத்துமேட்டில் ஒரு மாசி மாதச் சாயங்காலம் தொலைநோக்கியை வைத்திருந்தபோது எட்டிப்பார்த்த பாட்டி ஒருவர், "ஏய்யா, நெலையா நிக்கவே மாட்டேங்குதே" என்றார். நிலா அப்போது தாழ இருந்தது, பார்லோ போட்டிருந்தது. கழற்றிவிட்டு 65 மடங்கில் காட்டினேன். "இப்பத் தேவல" என்று வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மழைக்குப் பின் நிலைமை வேறு. தை மாதத்தில் மண்ணில் ஈரம் இருக்கிறது, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தரையை மூடியிருக்கின்றன, வெக்கை குறைவு. நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை உள்ள நேரம் சிறந்தது. மொட்டைமாடி மட்டும் வேண்டாம். காங்கிரீட் தளம் கரிசலைவிட மோசமாகச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வான் ஆய்வகங்களைக் கொடைக்கானலிலும், ஜவ்வாது மலையின் காவலூரிலும், லடாக்கின் ஹான்லேயிலும் கொண்டுபோய் வைத்ததற்கு இந்தக் காற்றுத் தொல்லையும் ஒரு காரணம். நமக்கு மலை இல்லாவிட்டால் பனிக்கால விடியற்காலை இருக்கிறது.

ஆனியிலிருந்து ஆவணி வரை அடுத்த சோதனை. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, முக்காலித் தாங்கியையும் ஆட்டிவைக்கும். 130 மடங்கில் லேசான அதிர்வே வியாழனைப் பார்வையிலிருந்து தள்ளிவிடும். முக்காலி வைத்திருப்பவர்கள் கால்களை நீட்டாமல், உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வையுங்கள். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு கால் வெடிப்புக்குள் இறங்கினால் லென்ஸ் மட்டுமல்ல, ஆடியும் போய்விடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு போதும். புழுதி லென்ஸில் படிந்தால் வேட்டி நுனியால் துடைக்கவே கூடாது, ஊதுபந்தால் ஊதிவிடுவது நல்லது.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சாதகத்தைச் சொல்லியாக வேண்டும். 5 மி.மீ. பிளாஸல் வகை ஐபீஸில் கண் இமை லென்ஸில் முட்டும் அளவு நெருங்கிப் பார்க்க வேண்டும். 10 மி.மீ. ஐபீஸோடு பார்லோ சேர்த்தால் அதே 130 மடங்கு கிடைக்கும், கண் வைக்க வேண்டிய தூரமோ 10 மி.மீ. ஐபீஸுக்கு உரியதுதான், குறையாது. வயசானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது பெரிய வித்தியாசம்.

வாங்குமுன் கையிலுள்ள ஐபீஸ்களை எழுதிப் பாருங்கள். 20-ம் 10-ம் இருந்தால் இரண்டு மடங்கு பார்லோ 20-ஐ 10 ஆக்கும்; அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே. 25-ம் 10-ம் என்றால் 25, 12.5, 10, 5 என்று நான்கு படிகள் கிடைக்கும். சில பார்லோக்களில் லென்ஸ் பகுதியை மட்டும் கழற்றி ஐபீஸின் அடியிலுள்ள மரையில் நேராகத் திருகலாம். அப்போது இரண்டு மடங்கு சுமார் ஒன்றரை மடங்காகும். இந்த வசதி உள்ளதைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். மூன்று, ஐந்து மடங்குகள் நம் காற்றுக்கு வேண்டாம். டெலிவ்யூ நிறுவனத்தின் பவர்மேட் போன்ற நான்கு லென்ஸ் வகைகள் அருமையானவைதான், ஆனால் அதன் விலைக்கு இன்னொரு தொலைநோக்கியே வாங்கிவிடலாம். அரை மீட்டர் நீளக் குழாயில் '1000 மி.மீ.' என்று போட்டிருக்கும் நியூட்டோனியன் வகை ஆடித் தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: பெரும்பாலும் அதன் குழாய்க்குள் ஏற்கெனவே ஒரு விரிக்கும் லென்ஸ் இருக்கிறது. அதன்மேல் இன்னொன்று என்றால் குறைகள்தான் பெருகும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. மலிவுப் பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புச் 'சூரிய வடிகட்டி' வரும். குவிந்த வெயில் அதன்மேல் விழுந்து வெடித்தால் கண் போய்விடும். பார்லோவோடு சேர்த்தோ சேர்க்காமலோ, அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் வாய் முழுவதையும் மூடும் தரமான வடிகட்டி வேண்டும்.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டுகிற ஆசிரியர்களுக்கும் அறிவியல் இயக்கத் தோழர்களுக்கும் மட்டும் என் சிபாரிசு வேறு. கையால் தள்ளும் டாப்சோனியனில், 10 மி.மீ. பிளாஸலும் பார்லோவும் போட்டால் வியாழன் பார்வையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிடும். மூன்றாவது பிள்ளை குனிவதற்குள் அங்கே ஒன்றும் இருக்காது. "சார், இருட்டா இருக்கு" என்ற குரல்தான் வரும். அதே காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டு 66 பாகைப் பார்வையுள்ள 6 மி.மீ. ஐபீஸ் வாங்கினால் 108 மடங்கு, ஓடும் நேரம் இரண்டரை நிமிடம். வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்குப் பார்லோ, வரிசைக்கு அந்த ஐபீஸ்.