மெய்யான மான் வேட்டுவன் யார்?

வேடரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் ஒரு வினா திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதை நாம் காணலாம். இவன் மெய்யான வேடன்தானா, அன்றிக் கலப்புற்றவனா என்பதே அவ்வினா. வில்லும் தோற்கச்சையும் உடையவனைக் கண்டால் ‘அசல்’ என்பதும், துவக்கும் சட்டையும் உடையவனைக் கண்டால் ‘மறைந்துபோன இனம்’ என்பதும் பழகிப்போன முடிவுகளாகிவிட்டன. இவ்வினாவை யார் கேட்கின்றனர், விடையால் யாருக்கு இழப்பு நேருகின்றது என்பன ஆராயப்படவில்லை. மான் வேட்டுவனைத் தமிழிலக்கியம் எவ்வளவைகளால் இனங்கண்டது என்பதை முதலில் நோக்கி, பின்னர் அவ்வளவைகளை ஈழத்து வேடர்தம் வரலாற்றோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

புறநானூற்றின் 152ஆம் செய்யுளில் வன்பரணர் வல்வில் ஓரியைக் கானத்திற் சந்திக்கின்றார். அவன் எய்த அம்பு யானை, புலி, கலைமான், பன்றி ஆகியவற்றை வீழ்த்தி உடும்பிற் சென்று தைக்கின்றது. இவ்வாற்றலைக் கண்ட புலவர் அவனை வேட்டுவன் என்று உடனே தீர்மானித்துவிடவில்லை. விலைக்காகக் கொல்பவனைப் போல இவன் தோன்றவில்லையே, செல்வம் மிக்கவனாயிருக்கின்றானே என்று ஐயுறுகின்றார். வில்லாற்றல் மட்டும் ஒருவனை வேட்டுவனாக்காது என்பதும், ஊனை விற்றோ மாற்றியோ வாழ்பவனே தொழில்முறை வேட்டுவன் என்பதும் அவ்வையத்தினுள் அடங்கியுள்ளன. ஓரி தான் கொன்ற மானின் ஊனையும் அதனோடு பொன்னையும் மணியையும் வாரி வழங்குகின்றான். வழங்குவது மன்னன் இயல்பு. மாற்றுவது வேட்டுவன் இயல்பு.

அம்மாற்றத்தின் வடிவத்தை அதே நூலின் 33ஆம் செய்யுளிற் காண்கின்றோம். கோவூர்கிழார் பாடிய அச்செய்யுளில் வேட்டுவன் மான் தசை நிறைந்த வட்டியுடன் வருகின்றான்; ஆய்மகள் தயிருடன் வருகின்றாள். உழவர் இல்லத்துப் பெண்டிர் குளத்தின்கீழ் விளைந்த நெல்லை முகந்து கொடுக்கின்றனர். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஒரு வாயிலிற் சந்திக்கும் காட்சி இது. தனித்து ஒதுங்கிக் காட்டினுள் மறைந்து வாழ்ந்த ‘தூய’ வேட்டுவன் ஒருவனைச் சங்கச் சான்றோர் இங்குக் காட்டவில்லை. அவர்கள் அறிந்த வேட்டுவன், நெல் வேண்டி உழவன் வாயிலில் நின்றவன்.

2

வேட்டுவக் கோலம் வேறு, வேட்டுவ வாழ்வு வேறு என்பதையும் நமது மரபு நன்கு அறிந்திருந்தது. கோவை நூல்களில் மதியுடம்படுத்தற்பகுதியில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் முதலிய துறைகள் இடம்பெறுகின்றன. அம்பு தைத்த கலைமான் இவ்வழியே வந்ததோ எனத் தலைவன் வினவுகின்றான். அவன் தேடுவது மானையன்று என்பது கேட்கும் தோழிக்கும் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும். மானே இல்லாத மான் வேட்டை இது. திருக்கோவையார் முதலாக இத்துறை நிலைபெற்ற மரபாயிற்று. வள்ளி திருமண நாடக மேடையில் வேடனாக வரும் முருகன் மானைத் தேடிவந்ததாகக் கூறுவதும் இம்மரபின் நீட்சியே. மான் வயிற்றிற் பிறந்து வேடர் குடியில் வளர்ந்தவள் முன்னிலையில் அவ்வேடம் புனையப்படுவது கருதத்தக்கது. உயர்ந்தோன் வேடனாக நடிப்பது சுவையாகின்றது. வேடன் வேடனாகவே வாழ்வது இழிவாகின்றது. இலக்கிய மரபின் இவ்வர்க்கச் சார்பை நாம் மறைக்கவேண்டியதில்லை.

இதற்கு மாறாக, சேக்கிழார் கண்ணப்பரின் வேட்டையைப் பாடும்போது தொழிலின் அறத்தையே எடுத்துரைக்கின்றார். உடுப்பூர்த் திண்ணனின் வேட்டுவர் யானைக் கன்றைத் தொடரார். சிறு குருளைகளைக் கொல்லார். கருவுற்று அடிதளர்ந்த பிணைமானை அலைக்கார். சைவப் பெருங்காப்பியம் ஒன்று, கொலையே தொழிலானவர்களிடத்து இக்கட்டுப்பாட்டைக் கண்டு பதிவுசெய்தமை வியப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் இதன் அடிப்படை பொருளியல் சார்ந்தது. அடுத்த ஆண்டும் அதே காட்டில் வாழவேண்டியவன் பிணையையும் கன்றையும் விட்டுவைத்தே ஆகவேண்டும். காட்டை விட்டு நீங்கும் உரிமை உடையவனுக்கு அத்தேவை இல்லை.

மூன்று அளவைகள் இவற்றிலிருந்து பெறப்படுகின்றன: வேட்டை வாழ்வுத் தேவையாக இருத்தல், அண்டை உற்பத்தியாளருடன் மாற்றுறவு கொண்டிருத்தல், காட்டைப் பேணும் கட்டுப்பாடு உடைமை. ஆடையோ கருவியோ இரத்தத் தூய்மையோ இவற்றுள் ஒன்றாக இல்லை.

3

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி விரிவாக எழுதினார். மரப்பொந்தில் தேனிலிட்டு ஊனைப் பாதுகாக்கும் முறையை அவர் கூறுகின்றார். அம்பு தேவைப்படும்போது வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் ஊனைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகில் விட்டுச்செல்வர் என்றும் கூறுகின்றார். காட்டின் மைந்தன் எனப்பட்டவனின் அம்புமுனை கிராமத்துக் கொல்லனின் உலையிற் பிறந்தது. கோவூர்கிழார் கண்ட வட்டியும் நொக்ஸ் குறித்த இலையும் ஒரே சமூக உறவின் இரு சான்றுகளாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு வேட்டுவன் மலைநாட்டில் தோன்றினான். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்ற கதைகளை 1850களில் நூல்களாக வெளியிட்டார். மரையை அவர் ‘எல்க்’ என்று அழைத்தார். ஐரோப்பியக் காட்டின் பெயரை இந்நாட்டு விலங்கின்மேல் ஏற்றினார். அவரது துணிவை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வேட்டை உணவுக்கோ மாற்றுக்கோ உரியதன்று, அது பொழுதுபோக்கு. வேட்டைநூலின் ஆசிரியனாகப் புகழ்பெற்றவர் அவர். நூல் எழுதாதவன் நூலுக்குப் பொருளானான்.

1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு இன்றும் பயன்படுகின்றது. ஆயினும் கலப்பற்ற வேடரைத் தேடும் நோக்கு அதனை ஆட்கொண்டது. வெள்ளையர் வருகைக்காகவே பழைய கோலம் பூணும் வேடர் சிலரையும் அவர்கள் கண்டுகொண்டனர். அக்கோலம் பொய்யெனின், அதனை விரும்பிக் கேட்ட கண் எத்தகையது என்னும் வினா அங்கு எழவில்லை. வாகரை, மூதூர் முதலிய கிழக்குக் கரையோரங்களில் தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழும் வேடர் இத்தேடலில் ஓரங்கட்டப்பட்டமைக்கும் இதுவே காரணம். அவர்களது மொழி தமிழாயிருந்தமையால் அவர்களது வரலாறு குறையுடையதாகக் கருதப்பட்டது. தமிழாய்வாளரும் அவர்களைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதை நாம் கூறியே ஆகவேண்டும்.

கண்டிக் கச்சேரியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றிய லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள கிராமம்’ நாவலின் சிலிந்து, இவ்வகையில் விதிவிலக்கான பாத்திரம். அவன் வேட்டுவன், ஆனால் சேனை அனுமதியையும் கடனையும் கையிலேந்திய ஊர்த்தலைமையே அவனை வேட்டையாடுகின்றது. தூய்மை பற்றிய வினாவை விடுத்து அதிகாரம் பற்றிய வினாவை எழுப்பியமையே அந்நாவலின் பலம்.

4

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைச் சட்ட வரம்பினுட் கொணர்ந்தது. புள்ளிமானும் மரையும் காக்கப்படவேண்டியனவே. இறைச்சி வியாபாரிகளுக்காக இரவில் விளக்கடித்து மான் சுடுவோர் மேற்சொன்ன மூன்று அளவைகளில் ஒன்றையேனும் நிறைவுசெய்யார். ஆனால் காட்டை அழித்தவனும் காட்டில் வாழ்ந்தவனும் சட்டத்தின் முன் ஒரே குற்றவாளியாக நிறுத்தப்படுவது நீதியாகுமா?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் ஓடும் மகாவலி கங்கை இவ்வினாவுடன் நேரடித் தொடர்புடையது. அதற்குச் சற்றுக் கீழே பொல்கொல்லையில் 1976இல் ஆறு மறிக்கப்பட்டுத் திசைதிருப்பப்பட்டது. தொடர்ந்த துரித மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கு நீரேந்து பரப்பாகவும், இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. தம்பானை வேடரின் வேட்டைக்காடு அதனுள் அடங்கிற்று. ஹெனானிகலவில் வயல் வழங்கப்பட்டுப் பலர் குடியேற்றப்பட்டனர். தலைவர் திசாஹாமி மறுத்து, 1998இல் மறையும்வரை தம்பானையிலேயே வாழ்ந்தார். முன்னாள் வேட்டை, தேனெடுத்தல் ஆகியன அத்துமீறல்களாயின. இதன் பின்னரும் தம்பானைக்குச் செல்லும் பார்வையாளர் வில்லையே காண விரும்புகின்றனர். வேட்டையாடினால் குற்றவாளி, வேட்டையாடுவதுபோல் காட்டினால் அசல் வேடன். கோவைத் தலைவனின் மானில்லா வேட்டையை, உண்மை வேடன் மீதே நமது காலம் சுமத்திவிட்டது.

இவர்கள் மீண்டும் வில்லேந்தி வாழவேண்டும் என்று நாம் கூறவில்லை. அதுவும் தூய்மை நாடுவோரின் கோரிக்கையே. துவக்கை ஏந்துவதா, ஏரைப் பிடிப்பதா, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. காட்டின் பராமரிப்பில் அவர்களது அறிவுக்கு இடமளிப்பது அரசின் கடமை. பிணையை விட்டுவைத்தவன் யார் என்று சேக்கிழார் அறிந்திருந்தார். அவ்வளவேனும் அறிந்து சட்டம் இயற்றப்படும் நாளில், மெய்யான வேடன் யார் என்னும் வினா ஆய்வாளர்க்குத் தேவையற்றதாகிவிடும்.