அடுப்படிச் சொல்லும் ஆவணமும்: கல்வராயன் மலைச் சமையல் மரபு பற்றி ஒரு நோக்கு

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனது நாட்டை 583 அடிகளிற் பாடுகின்றது. அந்நாட்டு வழியே செல்லும் கூத்தர்க்கு ஊர்தோறும் கிடைக்கும் உணவினைப் பெருங்கௌசிகனார் விடாது கூறிச் செல்கின்றார். மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லரிசியும் அவரை விதையும் புளியிற் கூடிய கூழ் அவற்றுள் ஒன்று. செங்கத்திற்குத் தெற்கே எழும் கல்வராயன் மலைக்கு இப்பாட்டு அயலதன்று. ஆயினும் பாட்டினை மட்டும் கைக்கொண்டு அக்கூழினை ஒருவர் ஆக்கிவிட இயலாது. எதனை முன் இடுவது, புளியை எந்நிலையிற் சேர்ப்பது என்பன அதில் இல்லை. கேட்டோர் இல்லங்களில் அவை அறிந்தார் இருந்தனராதலின், புலவர் கூறவேண்டியதில்லை. இலக்கியம் உணவின் பெயரைக் காத்தது. செய்கையை வாய்மொழிக்கு விட்டது. அவ்வாய்மொழியை இன்று எழுத்தாக்கப் புகும்போது நேரும் பிழை ஒன்றனை ஈண்டு ஆராய்வோம்.

சமையலை எழுதிவைத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. தஞ்சை அரண்மனைக்கு எழுத்தர் இருந்தனர்; அதன் பாகநூல் சரசுவதி மகாலில் எஞ்சியது. 1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ஒரு வகுப்பார் வீட்டுச் சமையலை, புதிதாக இல்லறம் ஏற்ற பெண்டிர்க்கென முறைப்படுத்தியது. மலைக்கோ எழுத்தர் இலர். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தாரர் ஆளுகையில் இருந்தது. 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டன் நூலில், மலையாளி எனப்படும் இம்மலைவாழ் மக்களின் காஞ்சிபுரக் குடிவரவுக் கதையும் மணமுறையும் பெற்ற இடத்தை அடுப்பு பெறவில்லை.

இனி, சாமை. இதன் மணி சிறிது. உமி இறுகப் பற்றியது. உரலிற் பலகால் குத்தியே அரிசியாக்க வேண்டும். குத்துந்தோறும் முறம் வேலை செய்யும்: உமி போகப் புடைப்பர், நொய் பிரியக் கொழிப்பர், கல் ஒதுங்க நாவுவர். அகராதிகளில் இச்சொற்கள் ஒன்றற்கு மற்றொன்று பொருளாக நிற்கின்றன. முறம் பிடித்த கைக்கோ அவை வேறு வேறு அசைவுகள். கொல்லி மலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பணியாற்றியபோது, சிறுதானியம் அருகி மரவள்ளி பெருகியதற்கு இக்குத்து வேலையின் கடுமையையும் ஒரு காரணமாகக் கண்டு, ஊர்களில் அரவைப் பொறிகள் அமைத்தனர். அது நன்றே. பெண்டிர் தோள்நோவை மரபு என்று போற்றுவார், ஒரு நாள் உலக்கை பிடித்துப் பார்க்கலாம். எனினும் பொறி வந்தபின் நாவுதல் என்னும் சொல் எவர் வாயில் இருக்கும் என்பதும் வினாவே.

சில ஆண்டுகட்கு முன் மாணவர் சிலருடன் வெள்ளிமலைப் பக்கம் சென்றிருந்தேன். சாமைச் சோற்றுக்கு நீரளவு யாது என்று மாணவர் ஒருவர் கேட்க, மூதாட்டியார் விரலைக் காட்டி, “இந்தக் கணு மட்டும் நிக்கணும் கண்ணு, பழைய சாமைன்னா கொஞ்சம் கூட” என்றார். அடுத்த வீட்டு அம்மையார் மறுத்து, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதே முறை என்றார். ஊர் திரும்பியபின் ஏட்டைப் பார்த்தேன்: “சாமை 1 கோப்பை, நீர் 2 கோப்பை.” பழைய சாமை இல்லை, விரற்கணு இல்லை, வடித்த வீடும் இல்லை. மாணவர்மேற் குற்றமில்லை. சமையற்குறிப்பு என்னும் அச்சு வார்ப்பில் ஊற்றினால் வேறென்ன வரும்? குறிப்பு ஒரே விடையை வேண்டுவது. மரபோ வீட்டுக்கு வீடு வேறுபடுவது.

தமிழ்த்துறையார்க்கு இச்சிக்கல் புதிதன்று. 1889-இல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டினைப் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். ஏட்டுச்சுவடிக்குக் காட்டும் அம்மதிப்பினைச் சமையல் கூறும் மூதாட்டியின் சொல்லுக்கும் காட்டுதல் வேண்டும் என்பதே என் கருத்து. வடித்த சோறும் வடியாத சோறும் ஒன்று சரி, ஒன்று பிழை அல்ல, அவை பாடவேறுபாடுகள். விரற்கணு என்னும் அளவை கோப்பையாக மாற்றுதல், மூலத்தை நீக்கி உரையை மட்டும் அச்சிடுவது போன்றதே. கோப்பைக் கணக்கு வேண்டுமாயின் அடிக்குறிப்பில் இடலாம்.

2010-இல் மெக்சிகோவின் மரபுச் சமையலும் பிரான்சு நாட்டு விருந்தும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2023 அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. இவற்றால் சாமைக்கு மதிப்பு உயர்ந்தது. சாமையை நாவும் கைக்கு உயர்ந்ததாகத் தெரியவில்லை. விழா அரங்குகளில் கேட்கப்படுவதும் செய்முறைக் குறிப்பே.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்ட வரலாறு எழுதுவோர் கோயில்களையும் கல்வெட்டுகளையும் தவறாது சேர்ப்பர். அதில் உரலும் முறமும் இடம்பெறுமாயின், ஒலிப்பதிவு முழுமையும், பேச்சுவழக்குத் திருத்தப்படாத எழுத்துப்படியும், கூறியவர் இசைவும் உடன் வைக்கப்பெறல் வேண்டும். அதன் ஒரு படி நம் நூலகத்திற்கு வருமுன் வெள்ளிமலைக்குச் செல்லட்டும். விரற்கணுவா வடிப்பதா என்ற வழக்கில் இன்னும் சொல்ல வேண்டியவர் அங்கே உள்ளனர்.