பெயரிலாப் புலவரும் இரு தொகைநூல்களும்

திற்பரப்பில் அடைமழை. கோதையாற்று அருவி செந்நீராய் இரைந்து விழுந்த அந்நாட்களில் வெளிச்செல்ல வழியின்றி, இரண்டு நூல்களை ஒருசேர விரித்து வைத்துப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. ஒன்று அபூதம்மாம் தொகுத்த 'ஹமாஸா'. மற்றது நம் குறுந்தொகை.

ஹமாஸா பிறந்த கதையும் இத்தகையதே. குராசானிலிருந்து திரும்பிய அபூதம்மாமை ஹமதானில் பனி வழிமறித்ததாம். தங்கிய வீட்டின் நூற்கூடத்தைத் துருவி, பழம் பாடல்களைப் பத்து இயல்களாக வகுத்தார். ஹிஜ்ரி 231இல் மறைந்த அப்பெருங்கவிஞர், தம் கவிதையைக் காட்டிலும் தம் தேர்விலேயே சிறந்த கவிஞர் எனச் சொல்வாருண்டு. அரபுக் கல்லூரியில் ஓதிய நாளில் முதற் பாடலின் இலக்கணத்தில் மூழ்கிய நாம், அதன் தலைக்குறிப்பை நோக்கினோமில்லை. அன்தராவும் ஹாத்திம் தாயீயும் இடம்பெற்ற நூல் அது. ஆயினும் வாயிலில் நிற்பவர் 'பல்அன்பர் குலத்துக் கவிஞர் ஒருவர்' மட்டுமே! உள்ளேயும் 'மற்றொருவர் கூறினார்' என்னும் குறிப்பு மீண்டும் மீண்டும் வருகின்றது. புகழை நிறுத்துப் பார்த்து இடம் அளித்தவரல்லர் அவர். குறையும் உண்டு: பிறர் பாடலில் பிடிக்காத சொல்லை மாற்றிவிடுவார் என உரையாசிரியர் மர்ஸூகீ எடுத்துக்காட்டுகிறார். பெயரற்றவனின் சொல்லைத் திருத்தினால் தட்டிக்கேட்க எவர் வருவார்?

பூரிக்கோ தொகுத்த குறுந்தொகையில் பாடினோர் 205 பேர். 38ஆம் பாடல் கபிலர், 39 ஔவையார். 42 மீண்டும் கபிலர், 43 மீண்டும் ஔவையார். இடையில், 40இலும் 41இலும் அமர்ந்திருப்போர் யார்? செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். இவை பெற்றோர் இட்ட பெயர்களல்ல. அவரவர் பாடலிலிருந்தே எடுத்துச் சூட்டியவை. அரபுத் தொகுப்பாசிரியர் 'ஒருவர்' எனச் சொல்லி அமைந்தார். தமிழரோ அவ்வொருவரின் சொல்லையே அவருக்குப் பெயராக்கினர். முன்னது நேர்மை. பின்னது நேர்மையோடு கூடிய அன்பு என்போம். குறுந்தொகையிலும் பத்துப் பாடல்கள் பெயரின்றியே நிற்கின்றன. அவற்றையும் எவரும் தள்ளிவிடவில்லை.

இந்நூலை 1915இல் முதன்முதல் பதிப்பித்தவர் வாணியம்பாடித் தமிழாசிரியர் சௌரிப்பெருமாள் அரங்கனார் என்பது நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும். 1937இல் உ.வே.சா. பதிப்பு வந்தது. 1967இல் ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலமாக்கிய நூல்வழி இப்பாடல்கள் கடல் கடந்தன. ஒரே பாடலால் அறியப்பட்ட செம்புலப்பெயனீராரின் சொல்லே 1995இல் விக்ரம் சந்திராவின் ஆங்கில நாவலுக்குத் தலைப்பாயிற்று. ஹமாஸாவையும் 1846இல் ரூக்கெர்ட் என்னும் கவிஞர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பெயரற்றோரை அன்றே களைந்திருந்தால் ஜெர்மானியருக்கும் ஆங்கிலேயருக்கும் பாதி நூலே சென்றிருக்கும்.

இதனை எழுதத் தூண்டியது வேறொன்று. சில ஆண்டுகட்கு முன், நம் மக்களின் பாடல்களைத் தொகுத்து மலர் வெளியிட முனைந்த அன்பர்கள் நம் உதவியை நாடினர். மூதாட்டி ஒருவர் பாட, நாம் எழுதிய தாலாட்டு ஒன்றை அனுப்பினோம். தம் உம்மா பாடக் கேட்டதென்றார் அவர். அதற்கு முன் யார் பாடினரோ! மலர் வந்தது. அறிந்த புலவர் அனைவரும் இருந்தனர், தாலாட்டு இல்லை. 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்பதே விடை. அன்று நாமும் வாளாவிருந்தோம். அபூதம்மாமை ஓதிய நாம் அவ்வாறு இருந்திருக்கலாகாது.

மூதாட்டி இன்று இல்லை. பாடல் நம் ஏட்டில் உள்ளது. 'நிலாத்தொட்டில்' என்றொரு சொல் அதில் வரும். சென்ற வெள்ளியன்று அதனைப் புதிதாகப் படியெடுத்து, பாடியவர் பெயருக்குரிய இடத்தில் 'நிலாத்தொட்டிலார்' என எழுதி, இம்மாத இதழுக்கு அனுப்பியுள்ளோம்.