இலவச மின்சாரமும் ஏரி நீரும்: உத்திரமேரூர்ப் பாசனத்தின் ஆற்றல் கணக்கு

தமிழ்நாட்டில் பம்புசெட்டுகளுக்குக் கட்டணமின்றி மின்சாரம் வழங்கும் நடைமுறை, 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த உழவர் போராட்டங்களின் தொடர்ச்சியாக, 1984இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் என இரு கட்டங்களில் வந்தது. அதைப் பற்றிய விவாதம் அன்றுமுதல் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே நடக்கிறது: ஒரு தரப்பு அதை மின்வாரியத்தின் தலைமேல் ஏற்றிய சுமை என்கிறது, மறுதரப்பு அதை உழவரின் உரிமை என்கிறது. இரண்டு தரப்புமே ஆற்றல் எங்கிருந்து வருகிறது, வழியில் எவ்வளவு சிந்துகிறது, இறுதியில் எங்கே போய்ச் சேருகிறது என்ற இயற்பியல் கணக்கைத் தொடுவதில்லை. அக்கணக்கைப் போட்டுப் பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏனெனில் இங்கே ஏரிப் பாசனமும் ஆழ்துளைக் கிணறும் ஒரே வயலுக்கு நீர் தருகின்றன.

முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பலரும் நினைவுகூர்கின்றனர். அத்தேர்தலால் அமைந்த குழுக்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பது அதே அளவு கவனிக்கத்தக்கது. பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வைரமேக தடாகம் எனப்பட்ட ஏரியைக் காப்பதற்கென ஒரு குழு இருந்தது என்றால், அக்குழு காத்தது, இன்றைய சொல்லில் கூறுவதானால், ஓர் ஆற்றல் சேமிப்பை. கதிரவனின் வெப்பம் கடல்நீரை ஆவியாக்கி மேலேற்றுகிறது. அது மழையாகி மேட்டு நிலத்தில் விழும்போது, ஏறிய உயரத்தின் சிறு பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது. உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளுக்குள்ள இந்த ஆற்றல் நிலையாற்றல் எனப்படும். ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் நீர் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 9,800 ஜூல் நிலையாற்றலைக் கொண்டுள்ளது. மதகைத் திறந்ததும் அது இயக்க ஆற்றலாக மாறி, வாய்க்கால் வழியே நீரைக் கடைமடைக்குக் கொண்டுசெல்கிறது.

மின்கணக்கில் இது அற்பத் தொகை. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். வயலைவிட மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும் நூறு கன மீட்டர் நீரிலும் ஒரு யூனிட்டுக்குக் குறைவான ஆற்றலே உண்டு. ஆகவே ஏரியின் மதிப்பு அது வைத்திருக்கும் ஆற்றலில் இல்லை, அது தேவையற்றதாக்கும் ஆற்றலில் இருக்கிறது.

தேவையற்றதாகும் அந்த ஆற்றல் எவ்வளவு? ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பருவத்தில் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்றும், மழையின் பங்கைக் கழிக்காமல் முழுவதையும் இறைப்பதாகவும் கொண்டால், அது சுமார் 4,850 கன மீட்டர் ஆகும். பத்து மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலேற்ற, இயற்பியல் கேட்கும் குறைந்தபட்சம் 132 யூனிட். ஆனால் எந்தப் பம்பும் அந்தக் குறைந்தபட்சத்தில் ஓடுவதில்லை. கொடுத்த ஆற்றலில் பயனுள்ள வேலையாக மாறும் விகிதமே பயனுறுதிறன். கிராமத்துப் பம்புசெட்டுகளில் அது நூற்றுக்கு முப்பது என்று கொண்டால் மிகையாகாது. அப்படியானால் 440 யூனிட் செலவாகும். அந்த மின்சாரமும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறி எண்ணூருக்கு வந்து, வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிகிறது. வெப்பத்தை வேலையாக்கும் எந்திரம் ஒரு பகுதியைக் குளிர்ந்த சூழலுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாகையால், நூறு பங்கு வெப்பத்தில் சுமார் முப்பத்தைந்து பங்கே அங்கு மின்சாரமாகிறது. கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் பதினைந்து விழுக்காடு இழப்பு என்று வைத்தால் முப்பது பங்கு கிணற்றடிக்கு வருகிறது; பம்பு அதில் ஒன்பது பங்கை மட்டும் நீரில் ஏற்றுகிறது. மற்ற தொண்ணூற்றொன்றும் அழிந்துவிடவில்லை, ஆற்றல் அழிவதில்லை. எதற்கும் உதவாத வெப்பமாகக் கடலிலும் காற்றிலும் கலந்துவிட்டது.

பம்பின் பங்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதைக் கிணற்றடியிலேயே காணலாம். தொட்டியின் விளிம்புக்கு மூன்றடி மேலே டெலிவரி பைப்பை வளைத்துவிட்டு, நீர் அருவியாக விழுவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்த மூன்றடிக்கும் மின்சாரம் செலவாகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. விலை குறைவென்று மெல்லிய குழாய் போடப்படும்போது உராய்வு எதிர்பாராத அளவில் பெருகுகிறது: அதே அளவு நீர் பாதி விட்டமுள்ள குழாயில் போனால் உராய்விழப்பு முப்பது மடங்குக்கு மேல் ஏறும். கடைசிக் கம்பத்தில் மின்னழுத்தம் தாழும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிக் காயில் எரிகிறது. பட்டறையில் ரீவைண்டிங் செய்து திரும்பும் மோட்டார் பழைய திறனில் ஓடுவது அரிது. மறுபடியும் எரிந்துவிடும் என்ற அச்சத்தில் அடுத்த முறை தேவைக்கு மேற்பட்ட குதிரைத்திறனில் மோட்டார் வாங்கப்படுகிறது, அது மின்னழுத்தத்தை மேலும் தாழ்த்துகிறது. இவற்றையெல்லாம் உழவரின் அலட்சியம் என்று எழுதுவோர் உண்டு. எரியாத மோட்டாரைத் தேர்ந்தெடுப்பவர், மின்கட்டணம் இல்லாத நிலையில், தமக்கு எது நட்டமோ அதைச் சரியாகவே தவிர்க்கிறார்.

கட்டணமில்லா மின்சாரத்தின் பலத்தை ஏரியோடு ஒப்பிட்டால்தான் விளங்கிக்கொள்ள முடியும். ஏரி நீர் சமத்துவமாகப் பாய்ந்ததில்லை. தலைமடைக்காரர் நனைந்த பிறகே கடைமடைக்கு நீர் போயிற்று, ஆயக்கட்டில் நிலமில்லாதவருக்கு எதுவும் போகவில்லை. பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரியே வெறும் மேய்ச்சல் தரை. செய்யாற்று வெள்ளம் ஏரிக்கு வராத ஆண்டிலும் சித்திரையில் சொர்ணவாரி நடவு போட முடிகிறது என்றால், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் எவரிடமும் கைகட்டி நிற்காமல் நாற்றுக்கு நீர் பாய்ச்ச முடிகிறது என்றால், அதற்குக் கிணறும் கட்டணமில்லா மின்சாரமுமே காரணம். கவலை ஏற்றத்தில் மாடுகளும் மனிதர்களும் நாள் முழுதும் இறைத்த நீரை ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மிகக் குறைந்த நேரத்தில் கொட்டிவிடுகிறது. ஒன்பது விழுக்காடு என்ற கணக்கு இந்த விடுதலையை அளக்காது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விலையில்லாமை அல்ல, அளவில்லாமையே அதன் பெயர். அளவி (மீட்டர்) பொருத்தப்படாத இணைப்புகளின் நுகர்வு மதிப்பீடாகவே எழுதப்படுகிறது. குதிரைத்திறனை வைத்து அரசு மானியம் கணக்கிடுகிறது. இதனால் பயனுறுதிறனைக் கூட்டுவதில் எவருக்கும் ஆதாயமில்லை என்பது பலரும் சொன்ன குறை. அதைவிடப் பெரியது, ஆழம். நீர்மட்டம் முப்பது மீட்டரில் இருக்கையில், முப்பது விழுக்காட்டுப் பம்பு அதே ஏக்கருக்கு 1,320 யூனிட் கேட்கும். நட்சத்திரக் குறியிட்ட புதிய பம்பை மாற்றி நாற்பத்தைந்து விழுக்காடாக உயர்த்தினால் 880 யூனிட் போதும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் அதற்குள் நீர்மட்டம் நாற்பத்தைந்து மீட்டருக்கு இறங்கிவிட்டால் செலவு மறுபடியும் 1,320 யூனிட்டாகிறது. திறன்மிக்க பம்பு வழங்கும் திட்டங்கள் பலவும் இந்த எளிய வகுத்தலைச் செய்யாமலே எழுதப்படுவது வியப்பளிக்கிறது.

சூரிய ஒளியில் ஓடும் பம்பும் இதற்கு விதிவிலக்கன்று. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மானியத்துடன் தரப்படும் பலகைகள் ஒளியாற்றலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகின்றன என்பது குறையாகாது. எரிக்கப்படும் நிலக்கரியோடு ஒப்பிட்டால், வீணாகும் வெயிலுக்கு விலையில்லை. கம்பி இழப்பும் மின்னழுத்தச் சிக்கலும் நீங்கிவிடுகின்றன. ஆயினும் வெயில் உள்ளவரை ஓடும் பம்பு, தேவை முடிந்த பிறகும் நீரை இழுக்கத் தடையில்லை. மிச்ச மின்சாரத்தை வலையமைப்புக்கு விற்க வழியிருந்தால் மட்டுமே, நீரை நிலத்தடியிலேயே விட்டுவைப்பதில் உழவருக்கு ஆதாயம் உண்டு.

அளவி என்றதும் எழும் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ள இயலாது. இன்று மீட்டர், நாளை பில் என்ற ஐயத்துக்குக் கடந்தகாலம் காரணம் தந்திருக்கிறது. பஞ்சாப் 2018இல் முயன்ற வழி இந்த ஐயத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது: ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் ஒதுக்கீடு, மிச்சப்படுத்திய யூனிட்டுக்கு உழவரின் கணக்கில் பணம், கூடுதலாகச் செலவிட்டாலும் கட்டணமில்லை. உத்திரமேரூர் போன்ற ஏரி ஆயக்கட்டில் தனித்தனி இணைப்பை அளப்பதைவிட, ஒரு மின்மாற்றியின் கீழுள்ள கிணறுகளை ஒன்றாக அளப்பது பொருந்தும். ஏனெனில் ஏரி நிரம்பினால் கசிவுநீர் எல்லாக் கிணறுகளின் மட்டத்தையும் சேர்த்தே உயர்த்துகிறது. முப்பது மீட்டர் இருபத்தைந்தாகும்போது, ஒரு பம்பையும் மாற்றாமலே ஆறில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமாகும். அந்த மிச்சம் மின்மாற்றி அளவியில் பதிவானால், வரத்துக் கால்வாயைத் தூர்வாரும் செலவை மின்மானியத்தின் கணக்கிலேயே கேட்பதற்கு ஆயக்கட்டுக்காரர்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். இன்று தூர்வாரல் நீர்வளத்துறையின் செலவாகவும் மின்சாரம் மின்வாரியத்தின் இழப்பாகவும் இரு வேறு கோப்புகளில் கிடக்கின்றன.