சிலம்பை உடைக்கும் உரிமை

நம்மவர் மேடைகளிலே சிலப்பதிகாரச் சொற்பொழிவு நிகழும்போதெல்லாம் பிரசங்கியாரின் குரல் உச்சத்தை எட்டும் இடம் ஒன்றுண்டு. பாண்டியன் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்தான் என்னும் இடமே அது. கேட்போர் கண் கலங்குவர், "அன்றிருந்ததன்றோ அரசு!" என்று பெருமூச்செறிவர், பின்னர்க் கலைந்து வீடு செல்வர். மறுநாள் தம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்க ஒருவரும் வாய் திறவார். ஒரு காவியம் பெருமூச்சுக்கு மாத்திரம் பயன்படுமாயின், அது படிக்கப்படாமற் கிடந்தாலும் நட்டமில்லை என்போம்.

நமது காலத்தின் கேள்வி வேறு. தலைவனொருவன்மீது ஊழற்பழி எழுகிறது. அவன் மறுமுறை தேர்ந்தெடுக்கப்படுவானா, மாட்டானா என்பதை எது முடிவு செய்கிறது? பழியின் பெருமையா? பழி மெய்யென்பதா? இரண்டுமல்ல என்பதை நம் கண்முன் நடந்த வரலாறே காட்டுகிறது. விடை வழக்குரை காதையில் இருக்கிறது. ஆனால் அது பாண்டியன் இறந்த இடத்தில் இல்லை, அதற்குச் சற்று முன்னே இருக்கிறது.

அக்காதையிற் காணத்தக்கன மூன்று. முதலாவது, வாயில். ஒற்றைச் சிலம்புடன் வந்து நிற்பவள் அயலூர்ப் பெண், கணவனை இழந்தவள், பதவியில்லை, பரிந்துரையில்லை. எனினும் வாயிலோன் சென்று உரைத்த அளவிலே அரசன் அவளை உள்ளே வரவிடுகிறான். இரண்டாவது, சிலம்பு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எம்முடையது முத்து என்கிறான் அவன். உடைப்பதற்கு முன்பே உள்ளிருப்பது இன்னதென்று இரு தரப்பாரும் சபையறியச் சொல்லிவிட்டனர். பின்னர் அச்சிலம்பு அவள் முன் வைக்கப்பட, அவளே உடைக்கிறாள். மூன்றாவது, பொற்கொல்லன். மெய்யான திருடன் அவனே. ஆயினும் அவன் பேச்சைக் கேட்ட நானே கள்வன் என்று அரசன் பழியைத் தன் தலைமேல் ஏற்றான். பொற்கொல்லனின் பெயரை அவன் சாக்காகச் சொல்லவில்லை. தன் குற்றத்தின் பகுதியாகவே சொன்னான்.

இம்மூன்றையும் நம் நாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தோட்டத் தமிழர் பணத்தைத் திரட்டிப் பொதுச் சொத்தாக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிற்று. நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டதே. ஆகவே 1980-களின் தொடக்கத்தில் ம.இ.கா.வின் ஆதரவோடு மைக்கா ஹோல்டிங்ஸ் எழுந்தபோது, நம்மவர் ஐயுறக் காரணமில்லை. அறுபதினாயிரம் பேருக்கு மேல் பங்கு வாங்கினர். பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. பால்மரம் வெட்டிய கையும் களை பிடுங்கிய கையும் கொடுத்த பணம் அதில் இருந்தது.

1990-ல் டெலிகோம் நிறுவனத்தின் ஒரு கோடிப் பங்குகள் இந்தியர் சமுதாயத்திற்கென ஒதுக்கப்பட்டன. மைக்காவை வந்தடைந்தவை பத்து இலட்சமே. எஞ்சிய தொண்ணூறு இலட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன என்று 1992-ல் பெரும் புகார் எழுந்தது. அப்போது ம.இ.கா. தலைவராயிருந்தவர் சாமிவேலு. அவர் தவறு எதனையும் மறுத்தார். ஊழல் தடுப்பு இலாகா விசாரித்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. எனவே அவரைக் குற்றவாளி என நாம் எழுதோம், எழுதுவது முறையுமன்று. நாம் சொல்லுவது இதுதான்: சிலம்பு சபை நடுவே வைத்து உடைக்கப்படவில்லை. உள்ளே இருந்தது முத்தோ மாணிக்கமோ, பங்குதாரன் தன் கண்ணாற் காணவில்லை. 2010-ல் ஒரு தனியார் நிறுவனம் ஒரு வெள்ளிப் பங்கை எண்பது சென்னுக்கு வாங்க முன்வந்தபோது, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காத்திருந்த முதியோர் பலர் அதையும் பேறென்று பெற்றுக்கொண்டனர்.

இத்தனையும் நடக்கையில், தலைவர் 1979 முதல் 2010 வரை கட்சிப் பதவியில் நிலைத்திருந்தார். எப்படி என்று வியப்போர் இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். 2008 மார்ச் 8-ல், 1974 முதல் தம் கையிலிருந்த சுங்கை சிப்புட் தொகுதியிலே, டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் அவர் தோற்றார். அடுத்த ஆண்டு அதே மார்ச் மாதத்திலே, எதிர்த்து நின்ற ஒரே அபேட்சகரின் நியமனம் தள்ளுபடியாக, கட்சித் தலைவராகப் போட்டியின்றி மீண்டும் வந்தார். ஆள் ஒருவரே, பழியும் ஒன்றே. சுங்கை சிப்புட்டில் வாயில் ஊரளவு அகலம்: தோட்டத்துக் கிழவியும் அதில் நுழையலாம். கட்சியிலோ கிளைத் தலைவர்களின் ஆதரவுக் கையொப்பத்தளவே அகலம். மைக்காவில் பணம் போட்டவளுக்கு அந்த வாயிலில் இடமில்லை. இதுவே இரகசியம், இதற்கு மேல் இரகசியம் இல்லை.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய நோயன்று. அலோர் ஸ்டாரிற் பிறந்த டாக்டர் மகாதீர் 1987-ல் அம்னோ தலைமைப் போட்டியில் 43 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். அதன் பின்னர், ஒரு தொகுதியின் முன்மொழிவு கிடைத்தாலே பத்து வாக்கு கூட்டிக்கொள்ளலாம் என்ற விதி அக்கட்சியில் வந்தது, போட்டியிடுவது அரிதாயிற்று. 2023 ஜனவரியில் அக்கட்சியின் பேரவை இன்னும் ஒரு படி சென்று, தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்குப் போட்டியே வேண்டாம் என்று தீர்மானித்தது. அவ்வேளையில் தலைவர் அகமட் சாகிட்மீது நாற்பத்தேழு குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், விடுதலை எனக் கருதப்படாத விடுவிப்பு அவருக்குக் கிடைத்தது. கட்சியார் அந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. வாயிலை முன்பே அடைத்துவிட்டனர்.

நஜிப் காலத்து நிகழ்ச்சியில் மூன்றையும் ஒருங்கே காணலாம். 2015 ஜூலையில், அவருடைய சொந்தக் கணக்குகளில் எழுபது கோடி அமெரிக்க டாலர் அளவில் பணம் வந்ததென வெளிநாட்டுப் பத்திரிகை எழுதிற்று. அம்மாதமே துணைப் பிரதமரும் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரும் பதவியிழந்தனர். 1எம்டிபி பற்றிய தணிக்கை அறிக்கை 2016-ல் அரசாங்க இரகசியமாக்கப்பட்டது. அஃதாவது, சிலம்பு பெட்டியிலிட்டுப் பூட்டப்பட்டது. கேள்வி கேட்ட முக்ரிஸ், 2016 பிப்ரவரியில் கெடா மந்திரி புசார் பதவியை விட்டு இறங்க நேர்ந்தது. கட்சிக்குள் தலைவரின் இருக்கை அசையவில்லை. 2018 மே 9-ல் அகன்ற வாயில் திறந்தது. ஆட்சி கவிழ்ந்தது, கெடா சட்டமன்றத்தின் 36 இடங்களில் தேசிய முன்னணிக்கு எஞ்சியவை மூன்றே. ஒரு வாரத்துக்குள் அந்த அறிக்கையின் பூட்டும் கழன்றது. 2020 ஜூலை 28-ல் நீதிமன்றம், நாலு கோடியே இருபது இலட்சம் வெள்ளி தொடர்பான வழக்கில் நஜிப்பைக் குற்றவாளியெனத் தீர்த்தது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ய, அவர் சிறை சென்றார். 2024-ல் மன்னிப்பு வாரியம் அந்தப் பன்னிரண்டாண்டுத் தண்டனையைப் பாதியாக்கியது. தம்மைப் பினாங்கைச் சேர்ந்த ஜோ லோ ஏமாற்றினார் என்பது நஜிப் தரப்பின் வாதங்களில் ஒன்று. பாண்டியனும் பொற்கொல்லனால் ஏமாற்றப்பட்டவனே. இருவருக்கும் உள்ள வேற்றுமையை வாசகர்களே அளந்துகொள்க.

இங்கே ஒரு தடை எழலாம். வாயில் அகன்றிருந்தும் பழி சுமந்தோரை மக்கள் மீண்டும் தேர்ந்ததில்லையா? உண்டு. அமெரிக்காவில் வாட்டர்கேட் செய்தி வெளியான பின்பே, 1972-ல் நிக்சன் ஐம்பது மாநிலங்களில் 49-ஐ வென்றார். ஒலிநாடா வெளிப்பட்ட 1974-ல்தான் பதவி துறந்தார். தமிழ்நாட்டில் 2014-ல் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதா, 2015-ல் உயர்நீதிமன்றம் தந்த விடுதலையைக் கையிற் பிடித்துக்கொண்டு 2016-ல் மீண்டும் வென்றார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையைத் தவறென்று கண்டபோது அவர் உயிரோடில்லை; அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போயிற்று. இரண்டிலும் வாயில் திறந்திருந்தது. சிலம்பு உடைந்ததோ காலந் தாழ்த்து. ஆகவே வாக்குரிமை மாத்திரம் போதாது. கணக்கு வெளிப்படும் நாள் வாக்களிக்கும் நாளுக்கு முந்தியதாக இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2018-ல் கூலிமிலும் பாடாங் செராயிலும் வாக்களித்த ஏழைகள் எல்லோரும் 1எம்டிபியை நினைந்தே வாக்களித்தனர் என்பது மிகை. 2015 ஏப்ரல் முதல் கடைக்குக் கடை நூற்றுக்கு ஆறு வீதம் பிடுங்கிய பொருள் சேவை வரியே பலருக்குச் சுட்டது. கோடிக்கணக்கு ஏழைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது. மளிகைச் சீட்டோ கையிலேயே இருப்பது. அந்தக் கோடியும் இந்தச் சீட்டும் ஒரே பணம் என்பதை எடுத்துரைப்பதே எழுத்தாளர் கடன். "அவன் தின்றால் என்ன, நமக்கும் ஏதோ செய்தானே" என்பவனை ஏசுவதிற் பயனில்லை. அவனுக்குச் செய்யப்பட்டது அவன் பணத்தாலேயே செய்யப்பட்டது என்று காட்டுதல் வேண்டும்.

சிலப்பதிகாரத்திலும் நாம் ஏற்கத்தகாத பகுதி ஒன்றுண்டு. அரசு நெறி பிழைத்தவனை அறமே அழிக்கும் என்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. அறம் தானே வந்து அழிக்கும் என்று நம்பிக் கைகட்டியிருப்பவன் எப்போதும் காத்தே கிடப்பான். பாண்டியன் மனச்சான்று உடையவனாயிருந்ததனால் அன்றைய வழக்கு முடிந்தது, மனச்சான்றில்லாதவனாயின் என்னாகும்? அதுவுமன்றி, அரசன் மாண்ட பின்னரும் மதுரை எரிந்தது. எரிந்த தெருக்களில் வாழ்ந்தோர் சிலம்பைக் கண்டவருமல்லர். ஒருவன் மனச்சான்றையும் ஓர் ஊரின் தீயையும் நம்பவேண்டாத வழி ஒன்றை மக்கள் இந்நாளிற் கண்டுள்ளனர். அதுவே வாக்குச்சீட்டு.

கெடாத் தமிழர் கேட்கத் தெரியாதவரல்லர். 1946, 1947-ல் பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடை ஏன் என்று துரைமாரையே கேட்டது. அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம், ஆயிரம் ஆண்டுக்கு முன் கடாரம் கொண்டவன் பெருமையைக் கூச்சமின்றிப் பேசுகிறோம்; நம் கட்சித் தலைவரிடமும் கோயில் நிர்வாகஸ்தரிடமும் கணக்குக் கேட்க மட்டும் கூசுகிறோம். கேட்பவனைத் துரோகி என்று சொல்லும் வழக்கம் ஒழிக. கண்ணகி துரோகியல்லள், அவள் சிலம்பை உடைத்திராவிடில் கோவலன் இன்றும் கள்வனே.

எனவே தோட்டத்துச் சங்கமாயினும் நகரத்துக் கட்சியாயினும், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் தலைவரை மீண்டும் தேர்ந்தெடுக்கும் பிரேரணைக்குக் கை தூக்குமுன் மூன்று கேட்க: எதிர்த்து நிற்க எவனுக்கும் வழி திறந்திருக்கிறதா? கணக்கு நம் கையில் வந்ததா? தவறு நேர்ந்தவிடத்துத் தலைவர் தம்மைச் சுட்டினாரா, பிறரைச் சுட்டினாரா? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தால் மாலையிட்டு அவரையே அமர்த்துக. கிடையாதாயின், தூக்கிய கையை இறக்குக.