ஜப்பான் போய்த் தேறிய பாட்டு

சீப் ட்ரிக் என்ற அமெரிக்க பவர் பாப் குழு 1977-ல் வெளியிட்ட 'ஐ வான்ட் யூ டு வான்ட் மீ' சொந்த ஊரிலேயே எடுபடல. 1978 ஏப்ரலில் ஜப்பானுக்குப் போனாங்க. அங்கே மேடையில் பதிவான வடிவம் 1979-ல் சிங்கிளா வந்து, அமெரிக்காவில் 7-ஆம் இடம் வரை ஏறுச்சு.

ரெண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. ஸ்டூடியோ பதிவில் பியானோ துள்ளுற துள்ளலில், காதலுக்காகக் கெஞ்சுற பாட்டு கேலியா ஆயிடுது. (தயாரிப்பாளர் டாம் வெர்மன் மேல எனக்கு இதில் வருத்தம்தான்.) மேடையில் வேகம் கூடுது, கிட்டார் முன்னால வருது. முக்கியமா, ராபின் சாண்டர் பாடப்பாட ரசிகைகள் ஒரு சொல்லைப் பிடிச்சுத் திருப்பிக் கத்துறாங்க. கெஞ்சலுக்கு அங்கேயே பதில் கிடைச்சிடுது! அந்தக் கூச்சல் இல்லாத ஸ்டூடியோ பதிவு எனக்குப் பாதிப் பாட்டுதான்.