உள்ளங்கையில் ஒரு போலி டிரான்ஸ்மிட்டர்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அதே துணி, அதே ரெசிபி, அதே மெஷின். ஆனால் மூன்று வாரமாக ஷேடு பிடிபடவில்லை. ரியாக்டிவ் சாயத்துக்கு 60 டிகிரி வைத்தால் பேனலும் 60 என்றுதான் காட்டுகிறது. லேப் மாதிரியோடு வைத்துப் பார்த்தால் மட்டும் துணி வேறு நிறமாக நிற்கிறது. பழி முதலில் டையிங் மாஸ்டர் மேல் விழுந்தது, பிறகு தண்ணீர் மேல். கடைசியில் டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டரை மாற்றுவது என்று முடிவெடுத்து, முதலாளி விலைகூட விசாரித்துவிட்டார். பழையது கெட்டுவிட்டது என்று ஒரு சீட்டு எழுதித் தருவதுதான் எனக்கு வைத்திருந்த வேலை.

என் பையில் பத்து நாள் முன்பு வாங்கிய சிக்னல் ஜெனரேட்டர் கிடந்தது. செல்போனைவிடச் சின்னது, இரண்டு மடங்கு தடிமன். முகப்பில் ஒரு வண்ணத் திரை, வலப்பக்கம் திருகவும் அழுத்தவும் ஒரு குமிழ், அடியில் நாலு சாக்கெட், சார்ஜ் ஏற்ற யூஎஸ்பி துளை. ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சம். ஒரே அச்சில் வார்த்த கருவியை ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. மில்லியாம்ப், வோல்ட், மில்லிவோல்ட், பல்ஸ் நாலையும் வெளியே அனுப்பும். 24 வோல்ட் லூப் சப்ளையும் தரும். இதில் நான் பத்துக்கு ஒன்பது தடவை பயன்படுத்துவது மில்லியாம்ப் மட்டும்தான்.

காரணம், தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியே 4-20 மில்லியாம்ப் என்பதுதான். வெப்பமோ அழுத்தமோ தொட்டி மட்டமோ, எதுவானாலும் டிரான்ஸ்மிட்டர் அதை இரண்டு கம்பியில் ஓடும் மின்னோட்டமாக மாற்றிவிடுகிறது. அளவின் அடிமட்டம் 4, உச்சம் 20. சுழியத்திலிருந்து தொடங்காமல் 4-இல் தொடங்கியது ஒரு பழைய புத்திசாலித்தனம். மின்சாரத்துக்கு முன் காற்றழுத்தத்தில் சிக்னல் அனுப்பிய காலத்தில் அது 3 முதல் 15 பிஎஸ்ஐ. அங்கேயும் அடிமட்டம் சுழியம் கிடையாது. அப்போதுதானே அளவு சுழியமா, குழாய் பிடுங்கிக்கொண்டதா என்று பிரித்தறிய முடியும். 4 மில்லியாம்ப் வந்தால் டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கிறது, ஒன்றுமே வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. கூடவே, அந்த 4 மில்லியாம்புக்குள்ளேயே டிரான்ஸ்மிட்டர் தன் சொந்த வயிற்றுப்பாட்டையும் பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று தனி மின்கம்பி தேவையில்லை.

பட்டறையில் டிரான்ஸ்மிட்டரின் அளவு 0 முதல் 150 டிகிரி. கணக்குப் போட்டால் 60 டிகிரிக்கு 10.40 மில்லியாம்ப், 130 டிகிரிக்கு 17.87. மெஷின் காலியாக நின்ற நேரம் பார்த்து, கன்ட்ரோலரை மேனுவலில் போட்டேன். பேனலில் உள்ளே வரும் கம்பியைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை நேராகக் கன்ட்ரோலரில் கொடுத்தேன். 10.40 வைத்தால் 60.0. 17.87 வைத்தால் 130.0. கன்ட்ரோலர் மேல் குற்றமில்லை.

அடுத்து மெஷின் மேல் ஏறி, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, அது இருந்த இடத்தில் ஜெனரேட்டரை உட்காரவைத்தேன். இங்கே மோடு மாற்ற வேண்டும். பேனலில் கொடுத்தபோது கருவி தானே மின்னோட்டத்தைத் தள்ளியது, அது ஆக்டிவ். டிரான்ஸ்மிட்டர் இருந்த இடத்திலோ பேனலின் 24 வோல்ட் ஏற்கனவே வந்து காத்திருக்கிறது. அங்கே கருவி தள்ளக் கூடாது. குழாயைப் பாதி மூடிய மாதிரி வருவதை அளந்து விட வேண்டும். இதுதான் பேஸிவ். திரையில் இரண்டு மோடுக்கும் ஒரே எழுத்தளவு, ஒரே நிறம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறிதான் வித்தியாசம். மோடு மாற்ற மறந்து ஆக்டிவிலேயே மாட்டினால் இரண்டு சப்ளை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இவ்வளவு விலை குறைந்த கருவி அதைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பேஸிவில் 4.00 வைத்தேன். பேனலில் 0 காட்ட வேண்டும். கீழே நின்ற பையன், "அஞ்சரைங்ணா" என்றான். 10.40 வைத்தேன். அறுபத்தஞ்சே முக்கால் என்றான். எந்த அளவில் வைத்தாலும் ஐந்தரை டிகிரியை ஒட்டி ஏற்றமாகவே வந்தது. டிரான்ஸ்மிட்டரோ கழன்று என் சட்டைப் பையில் கிடக்கிறது. பழியை இனி அதன் மேல் போட முடியாது.

நடுவில் இருப்பது கேபிளும் ஒரு ஜங்ஷன் பாக்ஸும்தான். பாக்ஸைத் திறந்தால் கேபிள் நுழையும் கிளாண்டின் ரப்பர் வெடித்திருந்தது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் செம்பு பச்சையாகக் கசிந்து, உள்ளே ஈரம். சாயப்பட்டறையில் உப்புக்குப் பஞ்சமா? கிளாபர் சால்ட்டும் சோடாவும் மூட்டை மூட்டையாகக் கரைகிற இடம், ஆவியிலேயே உப்பு. அந்த உப்பு ஈரம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு கள்ள வழி போட்டுக் கொடுத்து, அரை மில்லியாம்புக்கு மேல் டிரான்ஸ்மிட்டரைத் தொடாமலே பேனலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேனல் 60 என்று சொன்னபோது மெஷினுக்குள் தண்ணீர் 54, 55 டிகிரியில்தான் இருந்திருக்கிறது. ஷேடு எப்படிப் பிடிபடும்?

மல்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடித்திருக்க மாட்டேன். பேனலில் மீட்டரைச் சீரியலில் போட்டிருந்தால் அது 10.4 என்று காட்டியிருக்கும். பேனலும் அதையேதான் சொல்கிறது, எல்லாம் சரி என்று கிளம்பி வந்திருப்பேன். மீட்டர் வந்து சேர்ந்ததைச் சொல்லுமே தவிர, புறப்பட்டது எவ்வளவு என்று சொல்லாது. எவ்வளவு புறப்பட்டது என்பது நம் கையில் இருந்தால்தான் வழியில் நடந்த திருட்டு தெரியும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் போட்டிருந்தாலும் மாட்டியிருக்கும்தான். ஆனால் மெக்கரை எடுக்கத் தோன்றுவதற்கே முதலில் கேபிள் மேல் சந்தேகம் வர வேண்டும். புது கிளாண்டும் டெர்மினலும் சில நூறு ரூபாயில் முடிந்தன. சீட்டு எழுதவில்லை.

இனி கருவியின் குறைகள். வீட்டு மேசையில் நம்பகமான மீட்டரோடு ஒப்பிட்டேன். 4.00-க்கு 4.01, 12.00-க்கு 12.00, 20.00-க்கு 19.98. மோசமான இடத்தில் 0.02 பிசகு, 16 மில்லியாம்ப் வீச்சில் பார்த்தால் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு. கோளாறு தேட இது தாராளம். ஆனால் இதை வைத்து ஒரு டிரான்ஸ்மிட்டரைக் காலிப்ரேட் செய்து கையெழுத்துப் போட முடியாது. சோதிக்கிற கருவி சோதிக்கப்படுவதைவிட நாலு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். நல்ல டிரான்ஸ்மிட்டர்களே இதைவிடத் துல்லியமானவை. ஆடிட்டர் வந்தால் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழைத்தான் கேட்பார். அந்த வேலைக்கு விலை கூடிய லூப் காலிப்ரேட்டர்தான் கதி.

என்னை எரிச்சலூட்டியது வேறொன்று. திரையில் தெரியும் எண் நாம் வைத்த எண், ஓடும் மின்னோட்டத்தை அளந்து காட்டும் எண் இல்லை. லூப்பில் 250 ஓம் சுமை இருந்தவரை பிரச்சினையில்லை. மின்னோட்டத்தைக் காற்றழுத்தமாக்கும் ஒரு ஐபி கன்வர்ட்டரும் ஒரு பாதுகாப்பு பேரியரும் சேர்ந்து 700 ஓம் பக்கம் போன இடத்தில், பேட்டரியும் கடைசிக் கோட்டில் இருந்தபோது, திரையில் 20.00 என்று சட்டமாக நிற்கிறது, மீட்டரில் 18.3. கம்பியையே கழற்றி வைத்தேன், அப்போதும் 20.00. நல்ல லூப் காலிப்ரேட்டராக இருந்தால் லூப் திறந்திருக்கிறது என்று கத்தியிருக்கும். இது நிமிர்ந்து நின்று பொய் சொல்கிறது. ஆகவே சுமை கூடின லூப்பில் மீட்டரையும் சீரியலில் சேர்க்காமல் இதை நம்புவதில்லை.

சார்ஜ் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாமா என்றால், வேண்டாம். லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றுக்கு 5 வோல்ட் கொடுத்தேன். 25 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது ஆடிக்கொண்டே இருந்தது. யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கியதும் அசையாமல் நின்றது. சார்ஜர் வழியாக எர்த் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது.

தெர்மோகப்பிள் சோதிக்க மில்லிவோல்ட் மோடு என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கே டைப்புக்கு 100 டிகிரியில் 4.096 மில்லிவோல்ட் என்று டேபிளைப் பார்த்து அப்படியே வைத்தால், கன்ட்ரோலர் 129 காட்டும். பதறி அதைக் குற்றம் சொல்லக் கூடாது. டெர்மினல் இருக்கும் அறையே 30 டிகிரி, அதற்கான 1.203 மில்லிவோல்ட்டைக் கன்ட்ரோலர் தானே சேர்த்துக்கொள்கிறது. நாம் அதைக் கழித்து 2.893 கொடுத்தால்தான் 100 வரும். விலை கூடிய கருவிகள் இந்தக் கழித்தலைத் தாமே செய்யும்; இதில் மனக்கணக்குதான். மின்தடையால் வெப்பம் அளக்கும் பிடி100 சென்சாருக்கு இதில் ஒன்றுமே இல்லை. அதற்கு என் பழைய வழக்கப்படி 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு 0 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கருவியை நான் மனசார ருசித்த இடம் ஸ்டீம் வால்வு. 4, 8, 12, 16, 20 என்று 25 சதவீதப் படியாக ஏற்றி இறக்க ஒரு பட்டன் உண்டு, எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். எனக்குக் குமிழ்தான் பிடித்தது. மெல்லத் திருகினால் 0.01 வீதம் நகர்கிறது. ஒரு வால்வில் ஸ்டெம்மில் விரலை வைத்துக்கொண்டு 4.00-லிருந்து ஏற்றினேன். 4.5, 4.8, 5.1, அசையவில்லை. 5.3-இல் சட்டென்று எகிறித் திறந்தது. 25 சதவீதப் படியாகத் தாவியிருந்தால் இந்த ஒட்டல் கண்ணிலேயே பட்டிருக்காது. பேக்கிங் இறுகிப்போன வால்வு. கன்ட்ரோலரின் பிஐடியை எத்தனை டியூன் செய்தாலும் வெப்பம் ஊஞ்சலாடிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இதே கருவியால் எனக்குக் கெட்ட பெயரும் கிடைத்தது. வேறொரு பட்டறை, பாலியஸ்டர் ஓடிக்கொண்டிருந்த ஹை டெம்பரேச்சர் மெஷின். பேனலில் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் 4.00 கொடுத்துவிட்டேன். கன்ட்ரோலர் ஆட்டோவில் இருந்தது. அதைப் பொறுத்தவரை மெஷினுக்குள் திடீரென்று பனிக்கட்டி. ஸ்டீம் வால்வை முழுசாகத் திறந்துவிட்டது. உள்ளே நிஜத்தில் தொண்ணூறு டிகிரி தாண்டியிருந்தது. அந்த வெப்பத்தில்தான் பாலியஸ்டர் வேகமாகச் சாயம் குடிக்கும், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் ஏற்ற வேண்டும். "ஏனுங்ணா, ஸ்டீம் கொட்டுதுங்க!" என்று ஆபரேட்டர் ஓடிப்போய்க் கை வால்வை மூடினார். துணி தப்பியது. ஆனால் அந்த ஆபரேட்டர் இன்றைக்கும் நான் உள்ளே நுழைந்தால் கை வால்வுப் பக்கமாகவே நின்றுகொள்கிறார்.

அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு பேனலிலும் ஒரு சோதனை சேர்த்துக்கொண்டேன். லோடு இல்லாத நேரத்தில், கை வால்வை மூடிவிட்டு, ஆட்டோவில் வைத்து, குமிழை 4-க்கும் கீழே இறக்குகிறேன். நாமூர் என்ஈ 43 என்ற வழிகாட்டியின்படி 3.8 முதல் 20.5 வரைதான் அளவு, 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் அது கோளாறு. 3.5 வைத்தால் ஒழுங்கான கன்ட்ரோலர் அலாரம் அடித்து ஸ்டீமை நிறுத்த வேண்டும். ஆனால் கன்ட்ரோலர் வேலையைப் பார்க்கும் சில பிஎல்சிகளின் புரோகிராம்களில் 4-க்குக் கீழே வருவதையெல்லாம் 0 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீமென்ஸ் எஸ்7 பிஎல்சியில் 4 மில்லியாம்புக்கு 0, 20-க்கு 27648 என்று எண் வரும். கீழே போனால் மைனஸில் போகும், அந்த மைனஸை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விளைவு, எலி கேபிளைக் கடித்தால் வால்வு முழுசாகத் திறக்கும். இந்த ஒரு சோதனைக்காகவே கருவிக்குக் கொடுத்த காசு தகும்.

கூட வந்த முதலைக் கிளிப்புகள் பேனலுக்கு உதவாது. வாயகலம் அதிகம், பக்கத்து டெர்மினலையும் சேர்த்துக் கவ்வுகிறது. மெல்லிய கம்பியில் ஃபெரூல் அழுத்தி நானே இரண்டு லீடு செய்துகொண்டேன். பேட்டரி, 20 மில்லியாம்ப் ஆக்டிவில் தொடர்ந்து ஓட்டினால் மூன்றரை மணி நேரம் வருகிறது. அதிலும் பவர் பட்டன் முகப்பைவிட எழும்பி நிற்பதால், பைக்குள் ஸ்க்ரூ டிரைவர் இடித்துத் தானே ஆன் ஆகி, பல்லடம் போய்ச் சேருவதற்குள் இரண்டு முறை செத்துக் கிடந்தது. இப்போது பாத்திரக் கடையில் வாங்கிய ஒரு சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காருகிறது.